இடிவது எந்த அஸ்திவாரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தலையங்கத்தை இரண்டு முறை படித்தேன். சமுதாயத்தின் அஸ்திவாரமே ஆட்டம் கண்டுவிட்டது, செல்போனும் சினிமாவும் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டன, விசுவாசிகள் கர்த்தரை நம்பி ஒதுங்கி நிற்க வேண்டிய காலம் இது என்று எழுதியிருந்தீர்கள். வேதாகமத்தில் தாவீது பாடிய பதினோராம் சங்கீதத்தின் மூன்றாம் வசனத்தையும் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள்: ‘அஸ்திபாரங்களும் நிர்மூலமாகின்றதே, நீதிமான் என்னசெய்வான்?’

நான் நாற்பது வருடம் கட்டட வேலை பார்த்தவன். கொத்தனாருக்குக் கையாளாகப் போய், பிறகு நாலு பேரை வைத்து வீடு கட்டிக் கொடுக்கும் ஒப்பந்தக்காரனானேன். உங்கள் அளவுக்கு வேதம் படித்ததில்லை. ஆனால் அஸ்திவாரம் பற்றி யார் பேசினாலும் எனக்கு வாய் சும்மா இருக்காது.

முதலில் அந்த வசனம். அந்தச் சங்கீதம் ஏழே வசனம்தான், முழுதாகப் படித்துப் பாருங்கள். ‘நான் கர்த்தரை நம்பியிருக்கிறேன், பின்னே ஏன் என்னைப் பார்த்துப் பட்சியைப்போல மலைக்குப் பறந்து போ என்கிறீர்கள்’ என்றுதான் தாவீது தொடங்குகிறார். துன்மார்க்கர் வில்லை வளைத்துவிட்டார்கள், அஸ்திவாரம் போய்விட்டது, இனி நீதிமான் என்ன செய்ய முடியும் என்பதெல்லாம், நான் வாசிக்கிற விதத்தில், அவரைப் பறந்து போகச் சொன்னவர்களின் பேச்சு. தாவீதின் பதில் நாலாம் வசனத்தில்தான் வருகிறது: கர்த்தர் தம்முடைய ஆலயத்தில் இருக்கிறார், அவருடைய கண்கள் மனுஷரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நீங்கள் பதிலை விட்டுவிட்டு, பயந்தவர்களின் கேள்வியைக் கட்டம் கட்டிவிட்டீர்கள்.

இந்தப் ‘பறந்து போ’ எனக்குப் புதிதில்லை. மஸ்கட்டில் இருக்கும் என் மகன் மாதத்துக்கு ஒரு முறை இதையே சொல்கிறான். “ஊரு கெட்டுப்போச்சுப்பா. வீட்டை வித்துட்டு அம்மையக் கூட்டிட்டு இங்க வாங்க.” நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பாதி வீட்டில் இந்த போன் வருகிறது. வயசான காலத்தில் பிள்ளைகளோடு போய் இருப்பது தப்பு என்று சொல்லவில்லை. ஊர் கெட்டுப்போனதால் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு போவதுதான் எனக்கு ஒட்டவில்லை.

ஏனென்றால், இந்த ஊர் எப்போது நன்றாக இருந்தது? ‘அந்தக் காலத்தில் பயபக்தி இருந்தது, ஒழுங்கு இருந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். தென் திருவிதாங்கூரில், நம் முன்னோர் இருந்த இதே மண்ணில், அந்தக் கால ஒழுங்கு என்ன? நம் பாட்டிமார் மார்பை மூடக் கூடாது என்பதுதான் ஒழுங்கு. 1829-ல் அரசு விளம்பரமே போட்டுத் தடுத்தார்கள். மறுபடியும் கலகம் வந்து, ஜெபவீடுகள் எரிந்து, 1859 ஜூலை 26-ந் தேதிதான் மேலாடைக்கு உத்தரவு வந்தது. அதிலும் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு வால் ஒட்டியிருந்தது. அடிமை முறையை ஒழித்ததே 1855-ல்தான். கோயிலுக்குள் எல்லா சாதிக்காரரும் போகலாம் என்ற பிரகடனம் 1936-ல். மன்னர், சட்டம், சாஸ்திரம், வழக்கம் என்று எல்லாம் சேர்ந்து தாங்கிய அஸ்திவாரம் அது. அது இடிந்தபோதும் ‘ஐயோ, உலகம் கெட்டுப்போச்சே’ என்று அழுதவர்கள் இருந்திருப்பார்கள்.

அந்த நாட்களில் மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் விசுவாசத்துக்கு வந்தவர்கள் யாரும் மலைக்குப் பறந்து போகவில்லை, போக வழியும் இல்லை. மிஷனெரி அம்மா நடத்திய பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொண்டு, அதில் வந்த காசைச் சேர்த்துத் தங்களையே விலை கொடுத்து மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்கள் உண்டு. தாங்கள் நம்பிய கடவுளுக்கும் தங்கள் கையில் இருந்த ஊசிக்கும் நடுவில் அவர்கள் ஒரு வித்தியாசமும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். நம் ஆட்கள் மட்டும்தான் என்றும் சொல்ல முடியாது. அதே காலத்தில் சாமித்தோப்பில், அய்யாவழியைத் தொடங்கிய வைகுண்டர், தலையில் துண்டு கட்ட உரிமையில்லாத மக்களிடம், தலைப்பாகை கட்டிக்கொண்டு சாமி கும்பிடச் சொன்னார். அவரை மன்னர் சிறையில் வைத்தார். (ஒரு கிறிஸ்தவப் பத்திரிகைக்கு எழுதும் கடிதத்தில் இதை எழுதலாமா என்று என் மனைவி கேட்டாள். எழுதலாம் என்றேன்.)

சரி, இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் சபையில் ஆலயத்தின் வடக்குச் சுவரில் கீறல் விழுந்தது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கீழே இறங்கியது. பூச்சு வெடித்த கீறல் அப்படிப் போகாது. பண்டிகைக்கு ஒரு மாதம் இருந்தது. கமிட்டியில் ஒருவர், “அண்ணே, பட்டி பாத்து பெயின்ட் அடிச்சிரலாம், பண்டிகை கழியட்டு” என்றார். நான் கீறலின் குறுக்கே மூன்று இடத்தில் சிமென்ட் பொட்டு வைத்து, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினேன். சுவர் அசைகிறதா இல்லையா என்று பார்க்க எங்கள் தொழிலில் அதுதான் வழி. அசைந்தால் பொட்டு உடையும். பத்து நாளில் இரண்டு பொட்டு உடைந்தது. பண்டிகைக்கு வருகிறவர்கள் பார்த்தால் நன்றாக இருக்காது என்று யாரோ அதன் மேல் ஒரு வசன காலண்டரைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

அப்புறம் மூலையை ஒட்டித் தோண்டிப் பார்த்தோம். பழைய ஆட்கள் வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டினதையும் கல் அடுக்கினதையும் பார்த்தால் கும்பிடத் தோன்றும். கருங்கல் ஒன்றுகூட நகரவில்லை. அடியில் இருந்த மண்தான் கூழாகிப் போயிருந்தது. கூரைத் தண்ணீர் இறங்குகிற பைப் சுவர் ஓரத்தில் உடைந்து, மழைக்கு மழை அந்த ஒரே இடத்தில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை வருடமாக என்று யாருக்கும் தெரியவில்லை. நூறு ரூபாய் பைப் அது. தினமும் நாலு பேர் அதைத் தாண்டித்தான் நடக்கிறோம்.

தலையங்கத்தில் செல்போனைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தப் பைப்தான் ஞாபகம் வந்தது.

போன வருடம் சொந்தத்தில் ஒரு பையனுக்குப் பெண் பேசப் போனோம். ஜெபம் பண்ணித்தான் தொடங்கினோம். நல்ல ஜெபம், கண்ணீர்கூட வந்தது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்ததும் பையனின் சித்தப்பா, “எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், உங்க பிள்ளைக்கு நீங்க செய்யதச் செய்யுங்க. ஆனா நாட்டு நடப்புன்னு ஒண்ணு இருக்குல்லா?” என்றார். பெண்ணின் அப்பா ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். எழுதுவதற்கு வாகாக, மடியில் இருந்த வேதப்புத்தகத்தைத் தாளுக்கு அடியில் வைத்துக்கொண்டார். பவுன், ரொக்கம், கார். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது, எனக்கு அப்போது நாலு வயது. அந்த அறையில் பன்னிரண்டு பேர் இருந்தோம், எல்லாரும் திருவிருந்து எடுக்கிறவர்கள். யாரும் வாய் திறக்கவில்லை. நானும் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெண் சமையலறை வாசலில் தெரிந்தாள், கையில் செல்போன்கூட இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2019-ல் பணப் பட்டுவாடாவுக்காக வேலூர் நாடாளுமன்றத் தேர்தலையே ரத்து செய்தபோது, அந்தச் செய்தியை வைத்து எங்கள் வாலிபர் கூட்டத்தில் நான் அரை மணி நேரம் பேசினேன். அதற்கடுத்து வந்த ஒரு தேர்தலில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கவர் கிடந்தது. யார் கட்சி என்பது வேண்டாம். திருப்பிக் கொடுத்தால் பகையாகும் என்று யோசித்து, இரண்டு நாள் மேஜையில் வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் போட்டுவிட்டோம். மனம் லேசாகிவிட்டது. ஆண்டவரைக் கூட்டாளியாக்கிவிட்டோம் என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் உறைத்தது.

ஆகவே ஐயா, அஸ்திவாரம் இடிகிறது என்ற உங்கள் பயத்தை நான் கேலி செய்யவில்லை. கீறல் இருக்கிறது, என் கண்ணுக்கும் தெரிகிறது. அடியில் இருக்கும் கல் மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, அதுதான் என் விசுவாசம். ஆனால் கர்த்தரை நம்புகிறவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று எழுதாதீர்கள். நாலாம் வசனத்துக்கு அப்புறம் ஐந்தாவதையும் படியுங்கள், அவர் சோதித்தறிகிறவர் பட்டியலில் முதலில் வருவது நீதிமான்தான். நாங்கள் பெண் பேசப் போன அந்த அறையிலும் அவர் கண் இருந்தது என்று நினைத்தால், எனக்கே மஸ்கட்டுக்குப் பறந்து போய்விடலாம் போல இருக்கிறது.

வடக்குச் சுவருக்கு அடியில் கான்கிரீட் கொடுத்து, பைப்பும் மாற்றியாகிவிட்டது. போன வாரம் ஆராதனை முடிந்து எட்டிப் பார்த்தேன். புதிதாக வைத்த பொட்டுகளில் இரண்டு அப்படியே இருக்கின்றன. கிழக்கு ஓரத்தில் இருப்பதில் மட்டும் மயிரிழை போல ஒரு கீறல். மறுபடியும் தோண்ட ஆள் சொல்லியிருக்கிறேன், சனிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறான்.

இப்படிக்கு,
பழைய கொத்தனார் ஒருவர்,
தக்கலை அருகிலிருந்து.