கபடிக் காணொளிகளில் பாடுபவரின் குரல் கேட்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பொங்கல் முடிந்த கையோடு, ஊருக்கு ஊர் நடந்த கபடிப் போட்டிகளின் தொகுப்புக் காணொளிகள் கைப்பேசிகளை நிறைத்துவிடுகின்றன. எங்கள் வட்டாரப் போட்டிகளை ஆறு ஆண்டுகளாகப் படம்பிடித்து, சிறந்த காட்சிகளை இசையோடு தொகுத்துத் தருபவன் என்ற முறையில், இவற்றில் தொடர்ந்து நேரும் ஒரு தவற்றைப் பற்றி எழுதுகிறேன். நானும் அதை நெடுநாள் செய்தவன்தான்.

களத்தின் ஒலியை அடியோடு அழித்துவிட்டுத் திரைப்பாடலை ஏற்றுவதே அந்தத் தவறு. எந்த விளையாட்டுக்கும் இது குறைதான். கபடிக்கோ இது உயிரை எடுப்பதற்குச் சமம். ஏறிச் செல்பவர் எதிரணியின் களத்தை மிதிக்கும் முன்பே ‘கபடி கபடி’ என்று பாடத் தொடங்க வேண்டும், நடுவரின் காதில் விழும்படி ஒரே மூச்சில் பாட வேண்டும், உள்ளே பாட்டு அறுந்தால் ஆட்டமிழப்பார் என்பது விதி. சடுகுடு என்று ஆடிய காலத்தில், தான் இன்னாருடைய பேரன் என்று சவால் விட்டு வரிவரியாகக் கட்டிப் பாடிச் சென்ற பெரியவர்கள் இன்றும் ஊர்களில் இருக்கிறார்கள். ஏறிச் செல்வதையே ‘பாடிப் போவது’ என்று சொல்லும் மண்ணில், பாடுபவரை ஊமையாக்கிவிட்டு வேறொருவர் பாட்டை ஒலிக்கவிடுவது எனக்கு இப்போது மிகுந்த வருத்தம் தருகிறது.

தாளத்துக்கு ஏற்பக் காட்சியை வெட்டும் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 120 அடி விழும் பாடலில் நான்கு அடிக்கு ஒரு வெட்டு வைத்தால், ஒரு காட்சிக்கு 2 விநாடிதான் கிடைக்கும். ஒரு ரெய்டுக்கு, அதாவது ஒருமுறை பாடிப் போய்த் திரும்புவதற்கு, உள்ள நேரமோ 30 விநாடி. அந்த நேரத்துக்குள் ஆட்டக்காரர் இடது ஓரத்தில் நின்று தடுக்கும் கார்னர் ஆட்டக்காரரைக் குறிவைப்பதுபோல் நின்று, கூடுதல் புள்ளிக்கான போனஸ் கோட்டுப் பக்கம் காலை நீட்டிக் காட்டி, தடுப்பவரை ஓரடி முன்னே வரவழைத்து, திரும்பும்போது தொட்டுவிடுகிறார். 2 விநாடித் துண்டில் தொட்டது தெரியும். தடுப்பவர் ஏன் முன்னே வந்தார் என்பது தெரியாது. கணுக்காலைப் பிடிக்கும் கார்னர் ஆட்டக்காரருக்கு இன்னும் பெரிய அநியாயம் நேர்கிறது. அவருடைய திறமையில் பாதி காத்திருப்பதில் இருக்கிறது. தொகுப்பவர்கள் முதலில் வெட்டி எறிவது அதைத்தான். ஒரு மாணவனுக்காக நான் செய்துகொடுத்த காணொளியைப் பார்த்த பயிற்சியாளர், “பையன் தொடுவது தெரிகிறது, எப்படித் தொட்டான் என்று தெரியவில்லையே” என்றார். அன்று முதல் ஒவ்வொரு காணொளியிலும் 3 ரெய்டுகளையாவது வெட்டாமல், மூச்சுச் சத்தத்தோடு வைக்கிறேன். ஒரு ரெய்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் இசை எழும். பாடுபவர் நடுக்கோட்டைத் தாண்டியதும் தணிந்துவிடும்.

திரைப்பாடலால் சட்டச் சிக்கலும் உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் ஒலிப்பதிவு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கு அதன் உரிமை நீடிக்கிறது. யூடியூப் பாடலைத் தானாகவே அடையாளம் காண்கிறது. அதன்பின் காணொளி முடக்கப்படுவதும், விளம்பர வருவாய் பாடலின் உரிமையாளருக்குப் போவதும் அவர் விருப்பம். பாடலின் பெயரைப் போட்டு நன்றி சொன்னால் போதும் என்று இளைஞர்கள் பலர் நம்புகிறார்கள். அது அனுமதி ஆகாது. எங்கள் ஊர் இறுதிப்போட்டி ஒன்றின் காணொளி இப்படித்தான் ஒலியை இழந்தது. மூல ஒலியை நான் முன்பே அழித்திருந்ததால், கடைசி ரெய்டில் வென்ற அந்த ஆட்டத்தின் குரல் இன்று யாரிடமும் இல்லை.

ஆகவே போட்டிகளை நடத்தும் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். நடுக்கோட்டின் ஓரத்தில், நடுவர் நிற்கும் இடத்துக்கு அருகே, ஒரு மைக் வைத்துக் களத்தின் ஒலியைத் தனியாகப் பதிவுசெய்ய வழிசெய்யுங்கள். இறுதிப்போட்டிக்கு முன் வாசிக்கும் பறைக் குழுவினரிடம் எழுத்தில் அனுமதி பெற்று, அதற்கென்று உரிய தொகையும் கொடுத்து, பத்து நிமிடம் தனியே வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்துகொண்டால், காணொளிக்கு வேண்டிய இசை அந்தக் களத்திலேயே கிடைத்துவிடும். படம்பிடிக்கும் தம்பிகள் தொகுப்பு முடிந்த பிறகும் மூலப் பதிவை அழிக்காமல், ஒரு பிரதியைப் போட்டிக் குழுவிடம் கொடுத்துவைக்க வேண்டும். கோடைக்காலப் போட்டிகள் தொடங்கும் முன்பே இந்த ஏற்பாட்டைச் செய்துவிட முடியும்.

இப்படிக்கு,
கபடிப் போட்டிகளின் ஒளிப்பதிவாளர் ஒருவர்,
மன்னார்குடி