கெல்ம்ஸ்காட் வீடும் நம் பின்கட்டுச் சுவரும்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பின்கட்டுச் சுவரில் ஓதம் ஏறிக் காரை பொரிந்து விழுகிறது, தம்பி எல்லாவற்றையும் கொத்திவிட்டு சிமெண்ட் பூசலாம் என்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து மனசே சரியில்லை. இன்னும் பூசவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

நான் நன்றாக இருக்கிறேன். இங்கே இங்கிலாந்தில் 4 மணிக்கே இருட்டிவிடுகிறது. ஹீட்டர் ராத்திரி கொஞ்ச நேரம் போட்டாலே போதும், அம்மா கொடுத்த கம்பளி இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தாத்தா கல்கூரை வேய்ந்தவர். தெருவில் போகும்போது எந்தக் கூரையில் கல் சரிந்திருக்கிறது என்று நின்று பார்ப்பார், கையோடு அந்த வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லியும் விடுவார். என் ரசத்தை டம்ளரில் கேட்டு வாங்கிக் குடிக்கிறார், மிளகு தூக்கலாக வேண்டுமாம்.

அக்டோபரில் அவர்தான் என்னைக் கெல்ம்ஸ்காட் வீட்டுக்குக் கூட்டிப்போனார். தேம்ஸ் ஆற்றோரக் கிராமம், 1600 வாக்கில் ஒரு விவசாயக் குடும்பம் கட்டிய வீடு. சுவரெல்லாம் இந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல். கூரையும் கல்தான் அப்பா! இறவாரத்தில் பெரிய பெரிய கல்லாகத் தொடங்கி, மேலே போகப் போகக் குறுகி, முகட்டருகே சின்னச் சின்னக் கல்லாக முடிகிறது. இதே ஆக்ஸ்ஃபோர்டுஷயர் மாவட்டத்தில் ஸ்டோன்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் அந்தக் காலத்தில் வெட்டியெடுத்த கல்லைக் குளிர்காலத்தில் ஈரத்தோடு வெளியே போட்டுவிடுவார்களாம், உள்ளே இருக்கும் தண்ணீர் உறைந்து விரிந்து கல்லை ஏடு ஏடாகப் பிளந்துவிடும். அப்புறம் தட்டிப் பார்ப்பது. கணீரென்றால் நல்ல கல். நீங்கள் நாட்டு ஓட்டைத் தட்டிப் பார்ப்பீர்களே, அதேதான்.

வில்லியம் மாரிஸ் என்பவர் 1871இல் அந்த வீட்டைக் குத்தகைக்கு எடுத்தார். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிறோம் என்று சுரண்டி எடுப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் 1877இல் ஒரு சங்கமே தொடங்கினார். தாத்தா எனக்குக் கல்லிடுக்கில் இருந்த சுண்ணாம்புக் காரையைக் காட்டினார். கல்லைவிட மெத்தென்றிருக்கும், சுவருக்குள் போன ஈரம் அதன் வழியாகவே வெளியேறிவிடும். அங்கே சிமெண்டை அடைத்தால் ஈரம் உள்ளேயே நின்று, குளிரில் உறைந்து கல்லின் முகத்தை உதிர்த்துவிடும். நம் ஊரில் உறைபனி இல்லை, சரி, உப்பு இருக்கிறதே, அதுவும் சுவரை அப்படித்தான் உதிர்க்கும்.

திண்ணைக்கு நீங்கள் காரை அரைத்த நாளில், கடுக்காயோடு சேர்க்க வைத்திருந்த கருப்பட்டித் தண்ணீரை நானும் தம்பியும் ஒளிந்து ஒளிந்து குடித்தோமே, அந்தச் சுவரில் கை வைத்ததும் அது நினைவு வந்து அழுதுவிட்டேன். குளிர் தாங்கவில்லை என்று நினைத்துத் தாத்தா தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வர வேண்டும் போலவே இருக்கிறது அப்பா.

சரி, ஆக வேண்டியதைச் சொல்கிறேன். கொத்தனார் மாமாவைக் கூப்பிடுங்கள். குளியலறைத் தண்ணீர் சுவரோரம் தேங்குகிறதா என்று முதலில் பார்க்கட்டும், தம்பி அங்கே சிமெண்ட் தளம் போட்ட பிறகுதானே இது ஆரம்பித்தது? சுவர் காய்ந்தபின் சுண்ணாம்பே பூசட்டும். இந்த மாதம் பணம் அனுப்பக் கொஞ்சம் தள்ளிப்போகும், ஷிப்ட் மாறியிருக்கிறது, வேறொன்றுமில்லை. தைக்குள் அனுப்புகிறேன். சின்ன அத்தையிடம் மட்டும் கை நீட்ட வேண்டாம், அதை வைத்துப் பாகப் பேச்சை எடுப்பார்கள். அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து தவறாமல் விடுகிறார்களா? தம்பியிடம் ஞாயிற்றுக்கிழமை நானே பேசுகிறேன், அதுவரை சிமெண்ட் மூட்டையைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்