வைரஸ் எல்லாமே செல்லை வெடித்துத்தான் வெளியேறுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த வைரஸ் கட்டுரை நன்றாக இருந்தது. ஒரே ஒரு வரிதான் இடறியது. செல்லுக்குள் பெருகும் வைரஸ்கள் கடைசியில் அதை வெடிக்கவைத்து வெளியே வருகின்றன என்று பொத்தாம்பொதுவாக முடித்துவிட்டார் கட்டுரையாளர். பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ்களில் பலவும் அப்படித்தான், சரி. ஆனால் எச்.ஐ.வி., இன்ஃப்ளூயன்ஸா, கொரோனா எல்லாம் செல்லின் சவ்வையே மேலே போர்த்திக்கொண்டு வெளியேறுபவை. உயிரியல் நடத்தும் எனக்கே இந்தக் குழப்பம் வெகுநாள் இருந்தது.

எச்.ஐ.வி. விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வைரஸின் உடலைக் கட்டும் காக் என்ற புரதங்கள் ஆயிரக்கணக்கில் செல் சவ்வின் உட்புறம் வந்து ஒட்டி, சவ்வை வெளிப்பக்கமாக மொட்டுப்போல் தள்ளுகின்றன. மொட்டு உருண்டுவிடும், காம்பு மட்டும் அறாது. அதை அறுக்கக் கத்தரி வேண்டும். எச்.ஐ.வி.யிடம் அது இல்லை, செல்லிடம் இருக்கிறது. எஸ்கார்ட் எனப்படும் புரதக் கூட்டம் அது. செல் இரண்டாகப் பிரியும்போது கடைசி இழையை வெட்டிவிடுவதும் இதுதான். காம்பின் உள்ளே இருந்துகொண்டு இறுக்கி அறுக்கக்கூடியது என்பதால் வைரஸுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

அதை எப்படிக் கூப்பிடுகிறது தெரியுமா? காக் புரதத்தின் வால்பகுதியில் புரோலின், திரியோனின், அலனின், புரோலின் என்று நாலே நாலு அமினோ அமிலம். எஸ்கார்ட்டை அழைக்க செல்லின் சொந்தப் புரதம் ஒன்று காட்டும் முத்திரையும் ஏறக்குறைய இதேதான். கள்ள முத்திரை! அந்த நாலைக் கெடுத்துவிட்டால், குழாய் வாயில் விழாமல் தொங்கும் சொட்டுபோல வைரஸ்கள் செல்லின் மேலேயே தொங்குவதை எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் பார்க்கலாம். முத்திரையைப் படிக்கும் செல் புரதம் டி.எஸ்.ஜி.101 என்பது 2001-இல் தெரியவந்தது.

இன்ஃப்ளூயன்ஸா வேறு ரகம். காம்பை அறுக்க எம்2 என்ற சொந்தப் புரதம் வைத்திருக்கிறது. ஆனால் வெளியே வந்ததும் செல்லின் மேலுள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையில் மறுபடி ஒட்டிக்கொள்ளும். வைரஸின் நியூராமினிடேஸ் என்ற நொதி அந்தச் சர்க்கரையை வெட்டி விடுவிக்க வேண்டும். ஃப்ளூவுக்குக் கொடுக்கும் ஓசெல்டாமிவிர் மருந்து தடுப்பது அந்த நொதியைத்தான். கொரோனா வைரஸோ செல்லுக்குள்ளேயே சவ்வைப் போர்த்திக்கொண்டு, குப்பை அரைக்கும் லைசோசோம் வழியாகவும் வெளியேறுகிறது. குப்பை வண்டியில் ஏறித் தப்பிக்கிற கைதி மாதிரி.

அப்புறம், எஸ்கார்ட்டை மருந்தால் முடக்கினால் போதாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். முடக்கினால் நம் செல்கள் பிரிவதும் தடுமாறும். எச்.ஐ.வி.க்கு வந்த மருந்துகளில் ஒரு வகை, புரோட்டியேஸ் தடுப்பான்கள், வைரஸின் சொந்தக் கத்தரியைக் குறிவைக்கிறது; இது சவ்வை அல்ல, காக் புரதத்தைத் துண்டாக்கும் கத்தரி. காம்பு அறுந்து வெளியே வந்துவிடும், ஆனால் காக் புரதம் துண்டாகாததால் அந்த வைரஸால் அடுத்த செல்லைத் தொற்ற முடியாது.

அடுத்த பகுதியில் ஒரு திருத்தம் போட்டால் நல்லது. கட்டுரையோடு வந்த வெடித்துச் சிதறும் செல் படத்தையும் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியை