குடல்வால் நோய் ஒட்டுவாரொட்டி இல்லையே, அமைச்சர் அவர்களே

ஒன்ராறியோ மாகாணச் சுகாதார அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். 2023 மார்ச் 31ஆம் திகதியோடு உங்கள் அமைச்சு எதை நிறுத்தியது என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மாகாணக் காப்புறுதிக்கான சுகாதார அட்டை இல்லாதவர்களுக்கு வைத்தியசாலைகள் செய்யும் அவசியச் சிகிச்சைக்கு மாகாணமே பணம் கொடுக்கும் என்று 2020 மார்ச்சில் வந்த ஏற்பாடு அது. அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். மூன்று வருடம் கழித்து வந்து ஏன் இப்போது கேட்கிறாய் என்றால், போன மாதம் ஓர் இரவு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஸ்காபரோவில் எங்கள் தெருவில், ஒரு வீட்டு பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கும் பிள்ளை அவள். படிக்க வந்தவள். அனுமதி முடிந்தது, நீடிக்கக் கேட்ட விண்ணப்பமும் திரும்பி வந்துவிட்டது. அகதிக் கோரிக்கை வைத்தவர்களுக்கு ஒட்டாவா, அதாவது மத்திய அரசு, தரும் இடைக்கால மருத்துவக் காப்புறுதியும் அவளுக்கு இல்லை. ஏஜென்சி மூலம் பாண் தொழிற்சாலையில் இரவு வேலை. வயிற்றுக்குத்து தொடங்கி மூன்று நாள் பனடோலையும் மல்லித்தண்ணியையும் குடித்துக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறாள். வீட்டுக்காரி எனக்குப் போன் எடுத்தபோது இரவு பதினொரு மணி. போய்ப் பார்த்தால், குளியலறைத் தரையில் முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு கிடக்கிறாள். 911 அடிக்கப் போன என் கையைப் பிடித்துவிட்டாள்.

"அம்புலன்ஸ் வேண்டாம் அக்கா. 240 டொலர்."

தொகையைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தாள். அட்டை வைத்திருக்கும் எனக்கு அதுவே 45 டொலர்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

சரி என்று என் காரிலேயே கூட்டிப் போனேன். எமேர்ஜென்சி பதிவு மேசையில் வழக்கம்போல ஹெல்த் கார்ட் கேட்டார்கள். இல்லை என்றதும், செலவை நானே கட்டுவேன் என்று கையெழுத்து வைக்க ஒரு தாள் வந்தது. அதை நீட்டியவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. இவள் ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு ஒரு என்வலப்பை எடுத்து மேசையில் வைத்தாள். அடுத்த மாத வாடகை, 650 டொலர். "இது காணுமா அக்கா?" என்றாள். காணாது என்று எந்த வாயால் சொல்ல? என் முகத்தைப் பார்த்துவிட்டு என்வலப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "பரவாயில்லை, இப்ப நோ குறைஞ்சிட்டுது" என்று எழும்பிக் கதவுப் பக்கம் நடந்தாள்.

நோ உண்மையாகவே குறைந்துதான் இருந்திருக்கிறது. குடல்வால் வெடித்தால் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்குமாம். சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் பிறகு சொன்னார். கதவடியில் அவளை மறித்துத் திரும்பக் கூட்டிவந்த தாதிக்கு நூறு கோடிப் புண்ணியம். நேரத்தோடு வந்திருந்தால் ஓரிரு நாளில் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஒன்பது நாள் கிடந்தாள்.

உயிருக்கு ஆபத்தென்றால் எந்த வைத்தியசாலையும் மறுக்க முடியாது, பொது வைத்தியசாலைகள் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அன்றைக்கும் யாரும் அவளை மறுக்கவில்லை. பில்லுக்குப் பயந்து அவளே அல்லவா தன்னை மறுத்தாள்! மறுக்காதே என்கிற சட்டம் பில் அனுப்பாதே என்று சொல்லவில்லையே. அந்த இடைவெளியை அடைத்து வைத்திருந்ததைத்தான், சில நாள் முன்னறிவித்தலோடு நிறுத்தினீர்கள்.

கொரோனா காலத்தில் அட்டை இல்லாதவர்கள் மேல் உங்கள் அரசுக்கு வந்த இரக்கம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. அவளுக்கு வந்தால் பக்கத்து வீட்டுக்கும் வரும். குடல்வால் அப்படி ஒட்டுவதில்லை, ஆகவே அவள் பாடு. (அதே நேரத்தில் ஓஹிப் என்ற மாகாண மருத்துவக் காப்புறுதிக்குப் புதிதாக வந்தவர்கள் இருக்க வேண்டிய மூன்று மாதக் காத்திருப்பையும் எடுத்தீர்கள், அதைத் திரும்பக் கொண்டுவரவில்லை. அதற்கு உண்மையான நன்றி.)

கிரனடாவிலிருந்து 1999இல் வந்த நெல் டூசான் என்ற பெண், கடும் நோயோடு ஒட்டாவாவின் காப்புறுதி கேட்டு மறுக்கப்பட்டு, கனடா நீதிமன்றங்களில் தோற்று, ஐ.நா. மனித உரிமைக் குழுவரை போனார். கனடா அவரது உயிர்வாழும் உரிமையை மீறியது என்று 2018இல் அந்தக் குழு சொன்னது. அவர் 2023 ஜனவரியில் இறந்தார். மூன்று மாதம் ஆகுமுன் உங்கள் அறிவித்தல். அது மத்திய அரசின் வழக்கு, உங்களுடையதல்ல என்பது தெரியும். ஒட்டாவாவைக் கேட்டால் சுகாதாரம் மாகாணத்தின் வேலை, உங்களைக் கேட்டால் குடிவரவு ஒட்டாவாவின் வேலை. நடுவில் ஒருத்தி என்வலப்போடு நிற்கிறாள்.

தை மாதம் பிறந்தால் எல்லாக் கட்சிக்காரரும் வேட்டி கட்டி வந்து, தமிழ் மரபுத் திங்கள் விழா மேடையில் "வணக்கம்" என்று மழலையில் சொல்கிறீர்கள். நாங்களும் கைதட்டுகிறோம். வெளிநாட்டு மாணவர்களின் கட்டணத்தில்தான் உங்கள் கல்லூரிகள் பல வருடம் மூச்சு விட்டன. இவள் வாங்கும் சவர்க்காரத்துக்கும் 13 வீத வரி எடுக்கிறீர்கள். அதற்கு மட்டும் யாரும் அட்டை கேட்பதில்லை.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். நான் கேட்பது 2023 மார்ச்சுவரை இருந்ததைத்தான்: எமேர்ஜென்சிக்கு வருகிறவரை முதலில் வைத்தியர் பார்க்கட்டும், கணக்கை வைத்தியசாலை உங்கள் அமைச்சுக்கு அனுப்பட்டும். அந்த ஏற்பாட்டைத் தயவுசெய்து திரும்பக் கொண்டுவாருங்கள்.

அவளுக்குப் பில் வந்துவிட்டது. மாதம் 50 டொலராகக் கட்ட ஒத்துக்கொண்டிருக்கிறாள். இப்போது 26 வயது. நான் கணக்குப் பார்த்த அளவில், முடிக்கும்போது எழுபது தாண்டிவிடும். நீங்கள் பதில் எழுதினால் ஆங்கிலத்திலேயே எழுதலாம். படிக்க வந்த பிள்ளை, அவளே வாசிப்பாள்.

பணிவுடன்,
ஸ்காபரோவிலிருந்து, அட்டை உள்ள ஒருத்தி