சிங்கெட்டியின் மரச் சாவி

அன்புள்ள சுப்பு,

நலம். முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. பெரியவள் கல்யாணத் தேதி முடிவானதும் சொல், டிக்கெட் போட வேண்டும்.

நான் இப்போது மொரித்தானியாவில். ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரம், பெரும்பகுதி சகாரா. நூலகத்திலேயே காலம் தள்ளியவன் நீ, அதனால் பழைய கையெழுத்து ஏடுகளுக்குப் பேர்போன சிங்கெட்டி என்ற ஊரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றதெல்லாம் நேரில்.

அட்டார் என்ற ஊரிலிருந்து ஜீப்பில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். மெக்கா போகிறவர்கள் ஒருகாலத்தில் இங்கே கூடித்தான் ஒட்டகங்களோடு கிளம்புவார்களாம். வடக்கே இஜில் உப்பளத்தில் வெட்டிய பாளங்கள் தெற்கே போக, தங்கமும் தானியமும் வந்தன. அப்புறம் வியாபாரம் கடற்கரைப் பக்கம் நகர்ந்துவிட்டது, ஊர் இளைத்துப்போனது. 1996இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். மணலுக்கு அது தெரியுமா? பழைய ஊரில் சில வீடுகளில் பாதிக் கதவு வரை ஏறி நிற்கிறது.

ஏடுகள் இருப்பது குடும்பங்களின் வீட்டு நூலகங்களில். நான் போன வீட்டில் பூட்டே மரம். சாவி, பல் துலக்கும் பிரஷ் மாதிரி ஒரு கட்டை; முனையில் சின்னச் சின்ன முளைகள். உள்ளே விட்டுத் தூக்கினால் தாழ் விலகுகிறது. பெரியவர் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு வானசாஸ்திர ஏட்டைப் பிரித்தார். கறுப்பு மசி, தலைப்புகளுக்குச் சிவப்பு, ஓரமெல்லாம் யாரோ எழுதிய குறிப்புகள். நடுவில் கரையான் போட்ட ஓட்டை, பத்துப் பதினைந்து தாள்களுக்கு ஊடுருவி.

தலைநகருக்குக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்தலாமே என்று கேட்டேன். "பாட்டன் சொத்தை எப்படிக் கொடுப்பது?" என்றார். நீ இருந்திருந்தால் அவரிடம் சண்டைக்கே போயிருப்பாய். எனக்கென்னவோ அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஏடு போனால் அந்த வீட்டுக்கு ஆள் வர வேறு காரணம் கிடையாது.

டீ மூன்று கிளாஸ், ஒன்றையும் மறுக்க முடியாது. சர்க்கரையைக் கொட்டுகிறார்கள்; என் டாக்டரிடம் மூச்சு விடாதே. அடுத்து இரும்புத்தாது ரயில், இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். பார்க்க மட்டும்தான், ஏற மாட்டேன்.

சரி, கரையான் பிடித்த தாளுக்கு உங்கள் நூலகத்தில் என்ன செய்வீர்கள்? விவரமாக எழுது. பெரியவரின் பேரனிடம் வாட்ஸப் இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
ராமு