கையொப்பம் கேட்கும் முன் ஒரு பக்கம் தமிழில் கொடுங்கள்

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியை நிர்வகிக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தின் விதிகளை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. யாருடைய முதுமைக்காக அவை எழுதப்பட்டனவோ, அவர்களிடம் அவை உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை என்பதைச் சொல்லவே இம்மடல்.

என் அண்ணன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆறு ஆண்டுகள் லேத் ஓட்டினார். பட்டறை மூடப்பட்டதும், பிரவுசிங் சென்டரில் படிவம் நிரப்பித் தருபவர், "பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிடுங்கள், விட்டால் போய்விடும்" என்றார். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம், எடுத்துவிட்டார். பிறகு கிண்டியில் எட்டு ஆண்டுகள் உழைத்து, 58 வயது நிறைந்து விண்ணப்பித்தபோதுதான், பத்து ஆண்டு சேவை இல்லாதவருக்கு மாத ஓய்வூதியம் கிடையாது என்ற விதி அவர் காதில் விழுந்தது. அன்று பணம் எடுக்கக் கொடுத்த அதே 10சி படிவத்தில், பணத்துக்குப் பதிலாக, செய்த சேவையை அடுத்த வேலையோடு சேர்த்துக்கொள்ள உதவும் திட்டச் சான்றிதழைக் கேட்டிருந்தால், ஆறும் எட்டும் சேர்ந்து பதினான்கு ஆண்டுகளாகியிருக்கும். அவர் காலம் உள்ளவரை ஓய்வூதியமும், அவருக்குப் பின் அண்ணிக்கு அதில் பாதியும் வந்திருக்கும். ஒரு மனிதரின் முதுமையை முடிவு செய்யும் தேர்வு ஒரே படிவத்தில் இருக்க, அதைப் பற்றி அவரிடம் பேசிய ஒரே ஆள், படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்.

விதிகள் இணையத்தில் இருக்கின்றன என்று நீங்கள் சொல்லக்கூடும். சட்ட நடை ஆங்கிலத்தில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும் விதியை, வேலை இழந்து நிற்பவர் தேடிப் படித்துப் புரிந்துகொள்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? நான் கேட்பது ஒன்றே: ஓய்வூதியப் பணத்தை எடுக்க விண்ணப்பிக்கும் ஒவ்வொருவருக்கும், அவர் கையொப்பமிடும் முன், இப்போது எவ்வளவு கிடைக்கும், பின்னாளில் எதை இழப்பார் என்று அவருடைய கணக்கையே வைத்து ஒரு பக்கம் தமிழில் கொடுங்கள்.

ஓய்வூதியத்தை 58 வயதில் வாங்காமல் 60 வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும். 50 வயதுக்குப் பின் முன்கூட்டியே வாங்கினால் 58க்குக் குறைவாக உள்ள ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும். இதை அறிந்த தொழிலாளியை நான் இதுவரை சந்திக்கவில்லை. ஓய்வுபெற்ற கையோடு வைப்பு நிதித் தொகை வங்கிக் கணக்கில் ஏறியதும் ஆலோசனைக்கு மட்டும் பஞ்சமில்லை. வைப்புத்தொகை போடப் போனவரிடம் வங்கி ஊழியர்கள் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டும் காப்பீட்டை விற்கிறார்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம் என்று தாமாக முன்வந்து சொல்ல அங்கே எவருமில்லை, ஏனெனில் அதைச் சொல்வதால் அவர்களுக்குக் கமிஷன் வராது. நீங்கள் மௌனமாக இருக்கும் இடத்தில் அவர்கள் பேசுகிறார்கள்.

கோபத்தில் சற்று நீளமாக எழுதிவிட்டேனென்றால் பொறுத்தருள வேண்டும். மாதந்தோறும் 27ஆம் தேதியையொட்டி மாவட்டங்களில் முகாம் நடத்துகிறீர்கள். குறைகளைக் கேட்கும் அந்த முகாமிலேயே, பணம் எடுப்பதற்கு முன் வந்து விவரம் கேட்பவர்களுக்கென ஒரு மேசையையும், தமிழில் பொறுமையாகக் கணக்குச் சொல்லும் ஒருவரையும் ஒதுக்குமாறு வேண்டுகிறேன். அம்பத்தூர், கிண்டி, ஒரகடம் போன்ற இடங்களில் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு அது திறந்திருந்தால் நல்லது. அந்த ஒரு பக்கத் தாளை அதற்கும் முன்பே தரத் தொடங்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஒரு சந்தாதாரரின் தங்கை,
சென்னை