சேலம் மாவட்ட ஆட்சியருக்கு: கூட்டத்துக்கு எங்களையும் அழையுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், போதைப்பொருள் தடுப்புக் கூட்டங்களில் அமரும் காவல், மருத்துவத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நாங்கள் போதைப்பொருள் பயன்படுத்துகிறவர்கள். சிலர் விட்டுவிட்டோம்; சிலர் இன்னும் விடவில்லை. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளிலும் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களிலும் வேலை செய்கிறோம். விழிப்புணர்வு ஊர்வலப் பதாகைகளில் மண்டையோடாக வரையப்படுவது நாங்கள்தான்.

எங்கள் கோரிக்கை ஒன்றே: அந்தக் கூட்டங்களில் எங்களில் இருவருக்கு இடம் வேண்டும்.

தடை என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்ததே சேலம் மாவட்டத்தில்தான். தடையால் மட்டும் போதை ஒழியவில்லை என்பது ஊரறிந்த கதை.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம், 27ஆம் பிரிவில், பயன்படுத்தியதற்கே ஓராண்டு வரை சிறை என்கிறது. அதே சட்டத்தின் 64ஏ பிரிவோ, சிறிய அளவு வழக்கில் சிக்கியவர் தாமாக முன்வந்து, அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. முதல் பிரிவை எங்கள் தெருவில் சிறுவனும் அறிவான். இரண்டாவதை எங்களுக்கு எந்தக் காவலரும் சொன்னதில்லை. வழக்கறிஞர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

விளைவைக் கேளுங்கள். அளவு மீறி மூச்சுத் திணறிக் கிடக்கும் நண்பனுக்காக 108-ஐ அழைக்கக் கை நடுங்குகிறது. ஹெராயினோ அபின் வகை வலி மாத்திரையோ காரணமென்றால், நலோக்சோன் மருந்தை நேரத்தில் செலுத்தினால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். ஆனால் பக்கத்தில் இருப்பவனின் நினைப்பெல்லாம் கேஸ் பற்றியே ஓடுகிறது. பயந்து பயந்து ஒரு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றபோது எங்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, “எங்கே வாங்கினீர்கள்?” நாடித்துடிப்பு அப்புறம்தான்.

நாங்கள் விசித்திரமாக எதையும் கேட்கவில்லை. புதிய ஊசி வழங்குவதும், ஹெராயின் போன்றவற்றுக்குப் பதிலாக மருத்துவமுறையில் தரப்படும் பியூப்ரினார்ஃபின் மாற்று மருந்தும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் ஏற்கெனவே உள்ளவை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநலப் பாதிப்புகளையும் தன் வரம்புக்குள் சேர்த்து, சிகிச்சை பெறும் உரிமையையும் ரகசியம் காக்கப்படும் உரிமையையும் தருகிறது. போர்ச்சுகல் 2001இலேயே சொந்தப் பயன்பாட்டைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கி, பிடிபடுவோரை நீதிமன்றத்துக்குப் பதிலாக ஆலோசனைக் குழுவிடம் அனுப்பத் தொடங்கியது. விற்பவரை அங்கும் தண்டிக்கிறார்கள்; நாங்களும் அதை மறுக்கவில்லை.

ஏட்டில் உள்ளது எங்கே முட்டுகிறது என்பது எங்களுக்குத்தான் தெரியும். மாற்று மருந்தை நாள்தோறும் மையத்துக்கு வந்து எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால், ஏற்காட்டுத் தோட்டக் கூலியாள் இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி ஏறுவாரா, வேலைக்குப் போவாரா? மலையிலேயே வாரம் இருமுறை மருந்து கொடுக்க வழி உண்டா? இதைக் கேட்க அந்தக் கூட்டத்தில் எங்களில் ஓர் ஆள் வேண்டும்.

அடுத்த கூட்டத் தேதியை முன்கூட்டியே தெரிவியுங்கள். முடிந்தால் மாலையில் வையுங்கள். பகலில் என்றால் ஒரு நாள் கூலி போய்விடும். பெயரைப் பதிவேட்டில் எழுத மாட்டோம் என்று எழுத்தில் உறுதி கொடுத்தால் வருவோம்.

இப்படிக்கு,
சேலம், ஏற்காட்டிலிருந்து போதைப்பொருள் பயன்படுத்துவோர் சிலர்